தோளில் விழும் தலைக்கு ஒரு வயோலா

விடியற்காலை பஸ்ஸில், பக்கத்து இருக்கைக்காரரின் தோளில் தலை சாய்த்துத் தூங்கிப்போயிருக்கிறீர்கள் அல்லவா? அந்தத் தோள் எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று கேட்டுவிட்டா சாய்ந்தீர்கள்? கேட்டிருக்க மாட்டீர்கள். தூங்குகிறவர் யாரும் கேட்பதில்லை. விழித்த பிறகுதான் நமக்கு அந்த வியாதி திரும்பி வருகிறது.

இது ஹெலனுக்கு வெகுநாளாகத் தெரியும். பாலாற்றுக்குத் தெற்கே அவள் ஊர். ஊர் என்று சொல்வதுகூடப் பழக்கதோஷம்தான். ஊர் வேறு, அவள் இருக்கும் காலனி வேறு. நடுவில் ஒரு தார்ச்சாலையும் ஒரு வளைவும். வேலை மறைமலைநகரில், காருக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து டேப் சுற்றும் கம்பெனியில். முதல் ஷிஃப்டு என்றால் இருட்டிலேயே கம்பெனி பஸ் வந்துவிடும். ஏறி உட்கார்ந்ததும் பெண்கள் எல்லாரும் தூங்கிவிடுவார்கள். சோறு வடித்து, டப்பா கட்டி, பிள்ளைகளின் யூனிஃபார்மை எடுத்து வைத்துவிட்டு வந்தவர்கள். அன்றைய பொழுதில் அவர்களுக்கென்று மிஞ்சுவது அந்தப் பயணம் ஒன்றுதான்.

பஸ் முதலில் ஊரில் நிற்கும். பிறகு காலனி வளைவில். ஊரில் ஏறும் சம்பூர்ணம் ஹெலனுக்காக ஜன்னலோரம் பையைப் போட்டு வைத்திருப்பாள். ஹெலனைவிட மூத்தவள். நிலம் வைத்திருந்த குடும்பம். பாதி நிலம் பிளாட் ஆகி, மீதி நிலம் தரிசாகி, இப்போது அவளும் வயர் கட்டுகிறாள். பாலாற்றுப் பாலம் வருவதற்குள் அவள் தலை ஹெலனின் தோளில் விழுந்துவிடும். பாலத்தின் இணைப்புகளில் பஸ் தடதடக்கும், தலை எழாது. கொளவாய் ஏரியைத் தாண்டும்போது லேசாகக் குறட்டை. சிங்கப்பெருமாள் கோயிலில் பஸ் திரும்பும்போது தலை இன்னும் கொஞ்சம் கழுத்துப் பக்கம் சரியும். ஹெலன் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு மட்டும் பஸ்ஸில் தூக்கம் வராது.

ஆனால் ஹெலனின் அம்மா செத்தபோது, சம்பூர்ணம் அந்த வளைவு வரைக்கும்தான் வந்தாள். அங்கேயே நின்று வாய்விட்டு அழுதாள். பிறகு திரும்பிப் போய்விட்டாள். காலனிக்குள் கால் வைக்கவில்லை. மறுவாரம் பஸ்ஸில் வழக்கம்போலப் பையைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தாள். வழக்கம்போலத் தோளில் சாய்ந்தாள்.

அவள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் ஹெலனுக்கு வேலை சுலபம்.

இந்த ஹெலன்தான் எழுபது பேர் வாசிக்கும் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு இசை எழுதினாள். நம்புவது கஷ்டமாக இருந்தால், அந்தக் கஷ்டம் ஹெலனுடையது இல்லை, நம்முடையது. அவளுக்கு இசை வந்த வழி சாதாரணமானது. சின்ன வயதிலிருந்து சர்ச்சில் ஆல்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல், பாடினாள். அங்கே பாட்டுப் புத்தகத்தில் கோடுகள் இருக்காது. டோ, ரே, மீ என்ற எழுத்துகள்தான் நாலு வரிசையாக இருக்கும், மேலே சோப்ரானோவிலிருந்து கீழே பேஸ் வரை நாலு குரலுக்கு நாலு வரிசை. நாலு பேர் நாலு விதமாகப் பாடியும் சண்டை வராமல் இருப்பது அவளுக்கு அப்போதே பெரிய அதிசயமாகத் தெரிந்தது. பிறகு செல்போன் வந்தது. தோளில் ஒரு தலையையும் காதில் ஒரு வயரையும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாத்தியமும் எங்கே கனக்கும், எங்கே மெலியும், யாரோடு யார் சேர்ந்தால் என்ன நிறம் வரும் என்று வருஷக்கணக்கில் கேட்டாள். கோடு போட்ட எழுத்தைக் கற்றாள். வீட்டில் ஒரு பழைய லேப்டாப், அதில் இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருள்.

ஒருநாள் தூங்காமல் இருந்த சம்பூர்ணம் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி எழுதிகினே கீறே போன்ல?"

"மியூசிக் அக்கா. எழுபது பேர் உக்காந்து வாசிப்பாங்க. வயலின், கிளாரினெட்டு, எல்லாம்."

"எழுபது பேரா? யாருக்குக் கல்யாணம்?"

"யாருக்கும் இல்ல."

"கல்யாணமும் இல்ல, கருமாதியும் இல்ல. சும்மா உக்காந்து வாசிப்பாங்க, அதைச் சும்மா உக்காந்து கேப்பாங்க. நல்ல பொழப்புடி அது." கொட்டாவி விட்டாள். "எதைப் பத்தி?"

"நம்ம பஸ்ஸுல தூங்குறவங்களைப் பத்தி."

"போடி. குறட்டையைக்கூடவா விட்டு வைக்க மாட்டே?" என்று சொல்லிவிட்டுச் சாய்ந்துகொண்டாள்.

சம்பூர்ணம் கேட்டது நியாயமான கேள்விதான். அவர்கள் ஊரில் இசை என்பது யாருடைய கல்யாணத்துக்காகவோ சாவுக்காகவோ வருவது. வாசிப்பவரைக் கூப்பிடுவார்கள், நிற்க வைப்பார்கள், வேலை முடிந்ததும் அனுப்பிவிடுவார்கள். கூப்பிட்டு நிற்க வைக்கப்பட்டவர்களில் ஒருவர் ஹெலனின் அப்பா தேவசகாயம். ஊரில் யார் செத்தாலும் அவர் பறை அடிக்க வேண்டும். வெயிலிலும் மழையிலும் வாசலுக்கு வெளியே நின்று அடிக்க வேண்டும். ஒரு சாவுக்கு அவர் போகவில்லை. அவருக்குக் காய்ச்சல் இல்லை, வேறு வேலையும் இல்லை. போகவில்லை, அவ்வளவுதான். அதற்காக ஊர் அவரைப் படுத்திய பாட்டை அவர் யாரிடமும் சொன்னதில்லை. செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பேஸ் குரலில் பாடினார், இன்றும் பாடுகிறார்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில், திருவிடந்தை பக்கத்தில், ஒரு இசை அறக்கட்டளை இருக்கிறது. சொந்தமாக அரங்கமும் வைத்திருக்கிறது. மாவட்டத்தில் வசிக்கும் யார் வேண்டுமானாலும் ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் புதிதாக எழுதி அனுப்பலாம் என்று அறிவித்தார்கள். வந்ததில் சிலவற்றை ஆர்க்கெஸ்ட்ரா ஒருமுறை வாசித்துப் பார்க்கும். பிடித்தால் கச்சேரியில் சேர்க்கும். ஹெலன் அனுப்பினாள். வாசித்துப் பார்க்கும் பட்டியலில் வந்துவிட்டாள்.

அறக்கட்டளை மேலாளர் ஹேமந்த் போன் செய்தார். இளைஞர், பதவிசான பேச்சு.

"மேடம், ரொம்ப அழகான ஐடியா. கமிட்டிக்கு ஒரே ஒரு யோசனை. உங்க அப்பா பறைக் கலைஞராமே? தொடக்கத்துல அவர் மேடை ஓரத்துலேர்ந்து பறை அடிச்சிட்டு உள்ள வந்தா எப்படி இருக்கும்? அது இருந்தா கச்சேரியில நிச்சயம் சேர்த்துடுவோம். இல்லைன்னா... வாசிச்சுப் பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும்."

ஹெலன் யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். பறையை இன்று மேடையில் பெருமையோடு அடிக்கிறார்கள். மாமல்லபுரத்தில் ஒரு விழாவில் பெண்கள் கூட்டமாக அடித்ததைக் கேட்டு அவளுக்கே உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதில் அவளுக்கு எந்தத் தகராறும் இல்லை. ஆனால் அவள் எழுதிய இசையில் பறை இல்லை. பஸ்ஸில் தூங்குகிறவர்கள்தான் இருக்கிறார்கள்.

சாயங்காலம் அப்பாவிடம் சொன்னாள். அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"நைனா, நீ அடிச்சா நிச்சயம் சேர்ப்பாங்களாம்."

"நீ எழுதினதுல சாவு வருதா?"

"இல்ல நைனா. யாரும் சாவல. எல்லாரும் தூங்குறாங்க."

"அப்ப எனக்கு அதுல இன்னா வேலை? தூங்குறவங்களை எழுப்பறதா?" ஒரு காம்பைத் தூர வீசினார். "அடிக்கத் தெரியாம இல்லம்மா. இப்பவும் கை போவும். ஆனா அடின்னு சொன்னா அடிக்க மாட்டேன். அவங்க நல்ல மாதிரி சொன்னாலும் அடிக்க மாட்டேன்." பிறகு சற்று இறங்கின குரலில், "உன் சான்ஸு போயிடும்னா சொல்லு. யோசிப்போம்," என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் ஹெலனை அறுத்தது. வாழ்நாள் முழுவதும் மாற்றாத ஒன்றை மகளுக்காக மாற்றிக்கொள்ளத் தயாராக ஒருவர் கீரைக் காம்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "வாணாம் நைனா," என்றாள். "வாசிச்சுப் பார்த்தே சொல்லட்டும்."

ஆகவே எல்லாம் அந்த ஒரு வாசிப்பில் வந்து நின்றது.

ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாகத் தாள் வேண்டும். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தாள். கடைக்காரர் ஒரு தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். "இன்னாம்மா இது, எறும்பு சாரை சாரையா போவுற மாதிரி கீது?" என்றார். "எறும்புங்க இல்லண்ணா, வேலைக்குப் போற பொம்பளைங்க," என்றாள் ஹெலன். அவர் தாளை நேராகத் திருப்பிக் கொடுத்தார்.

திருவிடந்தை அரங்கில் ஆர்க்கெஸ்ட்ரா உட்கார்ந்திருந்தது. நடத்துபவர் பிரபா, சென்னைக்காரர், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியவர். குச்சியை உயர்த்தினார். ஹெலன் பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

வயலின்கள் மெல்ல வந்தன. டிம்பனி முரசுகளில் பாலத்துத் தடதடப்பு வந்தது; அவள் நினைத்ததைவிட நன்றாகவே வந்தது. அதன்மேல் கிளாரினெட்டுகளும் ட்ரம்பெட்டுகளும் நுழைந்தன. நுழைந்த உடனே எல்லாம் கோணிக்கொண்டது. பஸ் ஏதோ லாரியின்மேல் ஏறினது போல ஒரு சத்தம். செல்லோ வரிசையில் யாரோ சிரித்தார். ஹேமந்த் தன் போனைப் பார்க்கத் தொடங்கினார்.

பிரபா நிறுத்தினார். முன்னால் இருந்த தாளைப் புரட்டினார்.

"ஹெலன், கிளாரினெட், ட்ரம்பெட் பார்ட்டை மாத்தி எழுதலையா நீங்க?"

"என்ன மாத்தணும் மேடம்?"

"கிளாரினெட்காரர் தாள்ல ஒரு ஸ்வரத்தைப் பார்த்து வாசிச்சா, அந்த வாத்தியத்துல அதைவிட ஒரு ஸ்வரம் கீழேதான் கேக்கும். ட்ரம்பெட்டும் அப்படித்தான். அதனால அவங்களுக்கு ஏத்தி எழுதித் தரணும். உங்க கம்ப்யூட்டர்ல ஒரு பட்டனை அழுத்தினாலே மாத்திக் குடுத்திருக்கும்."

அந்தப் பட்டனை அவள் பார்த்திருக்கிறாள். தனக்குத் தேவைப்படாது என்று விட்டுவிட்டாள். லேப்டாப்பில் கேட்டபோது எல்லாம் சரியாகத்தான் ஒலித்தது. லேப்டாப்புக்கு மூச்சும் கிடையாது, குழாயும் கிடையாது. "எங்க சர்ச் புஸ்தகத்துல எல்லாருக்கும் ஒரே டோதான் மேடம்," என்றாள். "சோப்ரானோவுக்கும் அதான், பேஸுக்கும் அதான். எழுதினது எல்லாருக்கும் ஒண்ணாத்தான் கேக்கும்னு நெனச்சுட்டேன்."

மறுபடி ஒரு சிரிப்பு. தப்பு அவளுடையதுதான், அதில் சந்தேகமில்லை. ஒரு மாணவன் முதல் மாதத்தில் கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம் அது. ஆனால் ஒன்று: எழுதி வைத்தது எல்லாருக்கும் ஒன்றாகவே ஒலிக்கும் என்று நம்பி ஏமாந்தவர்கள் இந்த நாட்டில் ஹெலன் மட்டும் இல்லை. நம் சட்டப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். அதிலும் எல்லாருக்கும் ஒரே டோதான்.

ஹேமந்த் எழுந்து வந்தார். "பிரபா மேம், அடுத்த பீஸுக்குப் போயிடலாமா? ஹெலன் மேடம், வருத்தப்படாதீங்க. அப்பாவோட பறை ஐடியா இருக்கே, அதை வெச்சு சின்னதா ஏதாவது..."

முதல் கிளாரினெட் நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது. "இருங்க தம்பி."

வயதானவர். பெயர் ராஜேந்திரன், போலீஸ் பேண்டிலிருந்து ஓய்வு பெற்றவர். "மேடம், இதை மனசுலயே ஏத்தி வாசிச்சுடலாம். பேண்டுல எவன் தாளையோ எவன் கையிலயோ குடுப்பான், அதிகாரி கார் வந்துகினு இருக்கும். இதான் எங்களுக்குத் தினம் பொழப்பு." பக்கத்து இளைஞனைப் பார்த்தார். "உனக்கு வராது. நீ கம்முனு இரு, நான் பார்த்துக்கிறேன்."

"ட்ரம்பெட் முடியாது மேடம்," என்றார் ட்ரம்பெட் வரிசையில் ஒருவர்.

"நீங்க தூங்குங்க," என்றார் பிரபா. "பீஸே அதைப் பத்தித்தான்." இந்தமுறை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. "ஹெலன், முழுசுக்கு நேரம் இல்ல. எங்கேர்ந்து எடுக்கலாம்? நீங்க சொல்லுங்க."

ஹெலன் எழுந்தாள். இதைத்தான் கேட்பார்கள் என்று தெரிந்திருந்தால் இரவெல்லாம் ஒத்திகை பார்த்திருப்பாள். "வயோலா வர்ற இடத்துலேர்ந்து," என்றாள். வயலினைப் போலவே இருக்கும், கொஞ்சம் பெரியது, குரலும் கனம்.

முதல் வயலின்காரர் வில்லை உயர்த்தினார். "இங்க ஒரு குறிப்பு எழுதியிருக்கீங்களே, 'பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து வில்லை இழுக்க வேண்டாம்'னு. சேர்ந்து இழுக்கிறதுதானே ஆர்க்கெஸ்ட்ரா?"

"அது மூச்சு சார். பஸ்ஸுல எல்லாரும் தூங்குறாங்க. ஒண்ணாவா மூச்சு விடுவாங்க?" சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. "வயோலா வந்து... எங்க சம்பூர்ணம் அக்கா தலை. பாலம் வர்றதுக்குள்ள என் தோள்ல விழுந்துடும். முழிச்சிருக்கும்போது எங்க தெருவுக்குள்ள வர மாட்டாங்க. தூங்கும்போது வருவாங்க. அந்தத் தலை பாரமா இருக்கும். ஆனா நான் தோளை எடுக்க மாட்டேன். ரெண்டாவது வயலின்தான் என் தோள். அது அசையவே கூடாது. அதான் அத்தனை நேரம் ஒரே ஸ்வரம் குடுத்திருக்கேன். அலுப்பா இருந்தா மன்னிச்சிருங்க."

யாரும் சிரிக்கவில்லை. வயோலாக்காரப் பெண் தன் தாளை இன்னொரு தடவை பார்த்தாள்.

குச்சி உயர்ந்தது. வயலின்கள் ஒவ்வொன்றும் தன் நேரத்துக்கு மூச்சு விட்டன. அரங்கத்தின் சுவர் லேசாக ஏறி இறங்குவது போல இருந்தது. ராஜேந்திரனின் கிளாரினெட் ஒரு ஸ்வரம் ஏறி, தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. அதன் கீழே வயோலா மெல்லச் சரிந்து, சரிந்து, தயங்கி, இரண்டாவது வயலின்களின் அந்த ஒற்றை ஸ்வரத்தின்மேல் விழுந்தது. முழுப் பாரத்தோடு விழுந்தது. அந்த ஸ்வரம் அசையவில்லை.

ஹெலனின் இடது தோள் தானாகவே கொஞ்சம் உயர்ந்து, தாங்கிக்கொண்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

முடிந்ததும் பிரபா குச்சியை வைத்தார். "எல்லாருக்கும் சரியான பார்ட் எழுதி அடுத்த வாரம் கொண்டு வாங்க," என்றார். பிறகு ஹேமந்திடம், "சேர்த்துக்குங்க," என்றார்.

"சந்தோஷம் மேம். அழைப்பிதழ்ல 'பறைக் கலைஞரின் மகள்'னு போட்டுடலாமா?" ஹேமந்த் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கேட்பவர்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை.

"அது வாணாம் சார், என் வேலையைப் போடுங்க. கம்பெனி பேர் போட்டாப் பிரச்சனை ஆயிடப்போவுது. 'வயர் கட்டும் தொழிலாளி'ன்னு போடுங்க," என்றாள் ஹெலன். "எங்க நைனா கேக்க வருவாரு. வாசிக்க வரமாட்டாரு. அவருக்கு முன் வரிசையில ஒரு நாற்காலி மட்டும் போட்டு வைங்க சார். சர்ச்சைத் தவிர, இதுவரைக்கும் இசை நடக்கிற இடத்துல அவரு உக்காந்ததே இல்ல."

பட்டனை அழுத்தி, ஒவ்வொரு தாளையும் சரிபார்த்து, மறுபடி அதே ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். பஸ்ஸில் சம்பூர்ணத்தையும் கச்சேரிக்கு அழைத்தாள்.

"யாரு நடத்துறது?"

"பிரபான்னு ஒரு அம்மா. கண்டக்டர்."

"நம்ம பஸ்ஸுக்குத்தான் கண்டக்டரே கெடையாதே. உன் பாட்டுலயாவது ஒண்ணு இருக்கட்டும்," என்றாள் சம்பூர்ணம். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வந்தாள். முதல் ஷிஃப்டு முடிந்து, பட்டுப்புடவை மாற்றிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்தாள். அரங்கத்தில் தெரிந்த முகம் தேவசகாயத்தின் முகம் ஒன்றுதான். அவர் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அந்த நாற்காலியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, நடுவில் தன் பையை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். மேடை ஓரத்திலிருந்து ஹெலன் எல்லாவற்றையும் பார்த்தாள், பை உட்பட.

வயலின்கள் மூச்சு விடத் தொடங்கின. பாலம் வந்தது. விடியுமுன்பே எழுந்தவள், நாள் முழுவதும் நின்றவள். பாலம் தாண்டுவதற்குள் சம்பூர்ணத்தின் கண் செருகிவிட்டது. வயோலா சரியத் தொடங்கிய நேரத்துக்கெல்லாம் அவளும் சரிந்துவிட்டாள். பையைத் தாண்டி தேவசகாயத்தின் தோளில் போய் விழுந்தது அவள் தலை. அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைசி ஸ்வரம் வரைக்கும் அசையவில்லை. கைதட்டல் கேட்டபோதுகூட அவர் கைதட்டவில்லை. தட்டினால் தோள் ஆடும்.

அந்தச் சத்தத்தில் சம்பூர்ணம் விழித்தாள்.

"முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிடுச்சி தாயி. நல்லாத் தூங்கினே."

அவள் அவருடைய தோளைப் பார்த்தாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள். "ஹெலனு கேட்டா முழுசாக் கேட்டேன்னு சொல்லுங்க," என்றாள். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உடனே எழுந்து போய்விடவில்லை. அந்த மனிதர் பக்கத்தில், கூட்டம் கலைகிற வரைக்கும், விழித்த கண்ணோடு உட்கார்ந்திருந்தாள்.

அவ்வளவுதான் நடந்தது. ஊருக்கும் காலனிக்கும் நடுவில் அந்த வளைவு இன்னும் அப்படியே இருக்கிறது. எழுபது பேர் வாசித்தால் அது நிமிர்ந்துவிடும் என்று ஹெலனும் நினைக்கவில்லை. நினைப்பவர்களுக்கு அறிவு குறைவு. திங்கட்கிழமை இருட்டில் பஸ் வந்தது, ஜன்னலோரத்தில் பை இருந்தது, தலை தோளில் விழுந்தது. செங்கல்பட்டைத் தாண்டும்போது, கண்ணைத் திறக்காமலே சம்பூர்ணம் கேட்டாள்: "நைனாவுக்குத் தோள் வலி ஒண்ணும் இல்லியே?"

"நீயே வந்து கேளு அக்கா," என்றாள் ஹெலன்.

சம்பூர்ணத்தின் தலை தோளில் இன்னும் கொஞ்சம் சரிந்தது. தூங்கிவிட்டாளா, தூங்குவது போல இருந்தாளா என்று தெரியவில்லை.

அவள் போகிறாளா இல்லையா என்று காத்துக்கொண்டிருக்காதீர்கள். உங்களுக்கும் ஒரு வளைவு இருக்கிறது. நீங்கள் யார் தோளிலோ தூங்கியிருக்கிறீர்கள். இந்த வாரமே அதைத் தாண்டி அவர் வீட்டுக்குப் போங்கள். உட்காருங்கள். ஒரு செம்புத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள்.